கடல் தாண்டினவங்களுக்கு எத்தனை மாசம் அவகாசம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2025 செப்டம்பர் 15 ராத்திரி நம்மில் பல பேர் என்ன பண்ணிட்டு இருந்தோம்னு ஞாபகம் இருக்கா? வருமான வரி வெப்சைட்டை ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தோம். வழக்கமா ஜூலை 31-ல முடியற கெடு, அந்த வருஷம் மே மாசமே செப்டம்பர் 15-க்குத் தள்ளிப் போயிருந்தது. கடைசி ராத்திரியில இன்னும் ஒரே ஒரு நாள், செப்டம்பர் 16 வரைக்கும் கொடுத்தாங்க. "இன்னும் ஒரு மாசம் கொடுத்திருக்கலாம்" என்று சோஷியல் மீடியா முழுக்க ஒரே புலம்பல்.

அந்தப் புலம்பல்ல ஒரு குரல் மட்டும் எனக்கு வித்தியாசமா கேட்டது. வெளிநாட்டில வேலை பார்க்கிற நம்ம ஆட்களோட குரல். அவங்க கேட்டது ஒரு நியாயமான கேள்வி: "வில்லியனூர்ல உட்கார்ந்து ஃபைல் பண்றவருக்கும் குவைத்துல உட்கார்ந்து ஃபைல் பண்றவருக்கும் ஒரே கெடுவா? தூரத்துக்குன்னு தனியா நாள் கிடையாதா?"

இந்திய வருமான வரிச் சட்டத்தில் கிடையாது. தனிநபருக்கு ஜூலை 31 என்றால் அது உள்ளூர்க்காரருக்கும் ஜூலை 31, என்.ஆர்.ஐ-க்கும் ஜூலை 31. ஆனா தூரத்தைக் கணக்குப் பண்ணி அவகாசம் கொடுக்கிற சட்டம்னு ஒண்ணு உலகத்துல இருந்தது. அது நம்ம ஊரையும் தொட்டுட்டுப் போன சட்டம். இன்னைக்கு எபிசோட் அதோட கதை. பாகூர், வில்லியனூர் பக்கத்து மக்களோட வாழ்க்கையில இந்த "கெடு தேதி" எப்படியெல்லாம் விளையாடியிருக்குன்னு பார்க்கப் போறோம்.

முனைக்கு அப்பால் ஒரு வருஷம்

1806. நெப்போலியன் காலம். பிரான்ஸ் தன்னோட சட்டங்களை எல்லாம் ஒண்ணொண்ணா தொகுத்துட்டு இருக்கு. அந்த வருஷம் வந்ததுதான் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதாவது, கோர்ட் எப்படி நடக்கணும், சம்மன் எப்படி அனுப்பணும் என்கிற சட்டம். வரிச் சட்டம் இல்லை. ஆனா நம்ம கேள்விக்கு அதுலதான் விதை இருக்கு.

அதோட 73-வது பிரிவு ஒரு சின்ன அட்டவணை மாதிரி. பிரான்ஸ் கோர்ட்ல இருந்து ஒருத்தருக்கு சம்மன் போகுது, அவர் பிரான்ஸ் நிலப்பரப்புக்கு வெளியே இருக்கார்னா, ஆஜராக அவருக்கு எவ்வளவு நாள் கொடுக்கணும்? கார்சிகா, இங்கிலாந்து, பிரான்ஸை ஒட்டின நாடுகள்னா இரண்டு மாசம். ஐரோப்பாவோட மற்ற நாடுகள்னா நாலு மாசம். ஐரோப்பாவுக்கு வெளியே, ஆனா நன்னம்பிக்கை முனைக்கு இந்தப் பக்கம்னா ஆறு மாசம். முனைக்கு அந்தப் பக்கம்னா முழுசா ஒரு வருஷம்.

நன்னம்பிக்கை முனை தென்னாப்பிரிக்காவில. பாரிஸ்ல இருந்து பார்த்தா நாம முனைக்கு அந்தப் பக்கம். அதாவது பாண்டிச்சேரிக்கு ஒரு வருஷம்.

நெட்வொர்க் கோட் எழுதினவங்களுக்கு இது உடனே புரியும். இது டைம்அவுட். ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பறோம், பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? சர்வர் பக்கத்துல இருந்தா கம்மி, தூரத்துல இருந்தா அதிகம். பாய்மரக் கப்பல்தான் அப்போ நெட்வொர்க். ஆப்பிரிக்காவைச் சுத்தி வரணும், பருவக்காற்றுக்காகக் காத்திருக்கணும். அந்தத் தாமதத்தை சட்டம் எழுதினவங்க மறைக்கல, அப்படியே சட்டத்துக்குள்ள எழுதி வெச்சாங்க. தூரத்துல இருக்கறது அவனோட குத்தம் இல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி.

ஒரு வேடிக்கை: 1806-ல பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையிலேயே இல்லை. 1803-ல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சுட்டாங்க. 1816-லதான் திரும்ப வந்தது. அப்புறம் 1819 ஜனவரி 6 ஆணை மூலமா பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கேயும் அமல்படுத்தினாங்க. இங்கத்து மக்களோட சொந்த வழக்கங்களை விட்டுட்டு, மத்ததுக்கெல்லாம். பாகூர் விவசாயி ஒருத்தர் சொத்துத் தகராறுன்னு கோர்ட்டுக்குப் போனா, அங்கே நடைமுறை நெப்போலியன் எழுதினது.

அதே ஊர், ஐந்து மாசம். அடுத்த கடல், எட்டு மாசம்

ஐம்பத்தாறு வருஷம் கழிச்சு, 1862 மே 3-ல அந்த அட்டவணையை மாத்தினாங்க. காரணம் நீராவிக் கப்பல். உலகம் சின்னதாயிடுச்சு, அதனால டைம்அவுட்டும் குறையணும்.

புதுக் கணக்கு இப்படி: பக்கத்து நாடுகளுக்கு ஒரு மாசம். மீதி ஐரோப்பாவுக்கும், மத்தியதரைக் கடல், கருங்கடல் கரையோர நாடுகளுக்கும் இரண்டு மாசம். ஐரோப்பாவுக்கு வெளியே, மலாக்கா நீரிணைக்கும் சுந்தா நீரிணைக்கும் இந்தப் பக்கம்னா ஐந்து மாசம். அதுக்கும் அப்பால்னா எட்டு மாசம். கடல்ல போர் நடந்தா, கடல் கடந்த நாடுகளுக்கு இது இரட்டிப்பு.

"மத்தியதரைக் கடல் கரையோர நாடுகள்" என்கிற சொல்லை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

இப்போ கோடு ஆப்பிரிக்காவில இல்லை, மலாக்காவில இருக்கு. பாண்டிச்சேரி கோட்டுக்கு இந்தப் பக்கம், ஐந்து மாசம். சைகோன் கோட்டுக்கு அந்தப் பக்கம், எட்டு மாசம்.

சைகோனை ஏன் இழுக்கறேன்? அதே 1862 ஜூன் மாசம் சைகோன் ஒப்பந்தம் மூலமா தெற்கு வியட்நாமோட ஒரு பகுதி பிரான்ஸ் கைக்குப் போச்சு. அடுத்த சில பத்து வருஷத்துல பாண்டிச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அங்கே வேலைக்குக் கிளம்பினாங்க. போலீஸ், கஸ்டம்ஸ், தபால், கோர்ட், ராணுவம், வரி வசூல். ஆமா, வரி வசூல்தான். நம்ம ஊர் ஆள் சைகோன்ல உட்கார்ந்து வேற ஒரு மக்கள்கிட்ட பிரான்ஸுக்காக வரி வாங்கியிருக்கார். கடல் கடந்த அரசாங்க வேலை என்பது இந்தப் பகுதிக்கு வளைகுடாவுக்கும் ஐ.டி-க்கும் ரொம்ப முன்னாடியே வந்த விஷயம்.

இதுல 1881 செப்டம்பர் 21 ஆணை முக்கியம். சொந்த சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குக் கீழே வர விரும்பறவங்க எழுதிக் கொடுக்கலாம். அவங்களுக்குத்தான் ரெனோன்சான், "துறந்தவர்" என்று பேரு. சைகோன்ல ஐரோப்பியருக்குச் சமமான சம்பளமும் சலுகையும் கேட்டுப் போராட இந்தக் காகிதம் அவங்களுக்கு ஆயுதமா இருந்தது. ஒரு கையெழுத்து, ஒரு பதிவேடு, அதுல ஒரு வரி. வாழ்க்கை மாறிடுது.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1880 மார்ச் 12 ஆணையில கொம்யூன்கள் உருவாச்சு. பாண்டிச்சேரிப் பகுதியில நாலு: பாண்டிச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். இன்னைக்கும் நாம "கொம்யூன் பஞ்சாயத்து"ன்னு சொல்றோமே, அந்தச் சொல் அங்கிருந்து வந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு எல்லாம் கொம்யூன் அலுவலகத்துல. இப்பவும் பாட்டனோட பிறப்புச் சான்றைத் தேடி அங்கே போறவங்க இருக்காங்க. ஏன்னு அடுத்த பகுதியில தெரியும்.

கீழூர்: எட்டு வருஷம் தொங்கின தேதி

வில்லியனூர் கொம்யூன்ல கீழூர்னு ஒரு கிராமம். 1954 அக்டோபர் 18-ல இங்கேதான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது.

ஆனா சட்டப்படி? அங்கேதான் சிக்கல். ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. அதை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏத்துக்கணும். அல்ஜீரியப் போர் நடந்துட்டு இருந்த காலம். ஒரு இடத்தை விட்டுக் கொடுக்கிற தீர்மானத்தை எடுக்க அங்கே யாரும் தயாரா இல்லை. அல்ஜீரியா விடுதலை ஆன அதே 1962 ஜூலை மாசம்தான் அனுமதி கிடைச்சது. 1962 ஆகஸ்ட் 16-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இன்னைக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ம் கீழூர் நினைவிடத்துல சட்டபூர்வ இணைப்பு நாள் நடக்குதே, அது இதுதான்.

யோசிச்சுப் பாருங்க. 1954-ல இருந்து 1962 வரைக்கும் எட்டு வருஷம் அரசாங்கங்கள் தங்களுக்குத் தாங்களே கால நீட்டிப்பு கொடுத்துக்கிட்டாங்க. மக்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க தெரியுமா? ஆறு மாசம்.

அந்த ஆறு மாசத்துல முடிவு பண்ண வேண்டிய விஷயம், எந்த நாட்டுக் குடிமகனா இருக்கப் போறோம் என்பது. ஒப்பந்தத்தோட விதி இது: இங்கே பிறந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்னைக்கு இங்கேயே வசிக்கிற பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆயிடுவாங்க. பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல எழுதிக் கொடுக்கணும். இங்கே பிறந்து, ஆனா அன்னைக்கு சைகோன்லயோ பாரிஸ்லயோ வசிக்கிறவங்க? அவங்க தானாகவே பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடருவாங்க.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குத் தெரியும், எந்த அமைப்பிலும் அதிக சக்தி இருக்கறது டீஃபால்ட் செட்டிங்குக்குத்தான். பெரும்பாலானவங்க எதையும் மாத்த மாட்டாங்க. இங்கே டீஃபால்ட்டை முடிவு பண்ணது ஒரு குறிப்பிட்ட நாள்ல உங்க வீடு எங்கே இருந்தது என்பது. அண்ணன் சைகோன்ல, தம்பி பாகூர்ல. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பதிவேடு. இரண்டு பேரும் எதுவும் பண்ணாம சும்மா இருந்தா, அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்.

1806 அட்டவணையில தூரத்துல இருக்கறவனுக்கு அதிக நேரம் கிடைச்சது. 1962-ல தூரத்துல இருக்கறவனுக்கு நேரமே தேவைப்படல, ஏன்னா அவனோட டீஃபால்ட் ஏற்கனவே பிரான்ஸ். வீட்டிலேயே இருந்தவனுக்குத்தான் கடிகாரம் ஓடிச்சு. அந்த ஆறு மாசத்துல எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கிட்டவங்க சுமார் 5,000 பேர்னு சொல்லப்படுது. மீதிப் பேருக்கு கெடு 1963 பிப்ரவரி நடுவுல முடிஞ்சுபோச்சு. தாத்தா எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்கிற ஒரே கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்னும் பேரப்பிள்ளைகள் பழைய பதிவேடுகளைப் புரட்டறாங்க.

ஒரு தெரு, இரண்டு வரி அலுவலகம்

அந்தக் கெடு முடிஞ்சு ஏழு வாரம்கூட ஆகல. 1963 ஏப்ரல் 1-ல இந்திய வருமான வரிச் சட்டம் பாண்டிச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. 1961-ல வந்த சட்டம், இங்கே இரண்டு வருஷம் கழிச்சு.

இங்கிருந்துதான் நம்ம இன்னைக்குக் கதை தொடங்குது. வில்லியனூர்ல ஒரே தெருவில இரண்டு வீடுகளைக் கற்பனை பண்ணிக்கங்க.

முதல் வீட்டில ஒரு பெரியவர். இங்கே இவங்களை "சொல்தா"ன்னு சொல்லுவாங்க, பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாயா இருந்தவர். பிரெஞ்சு பாஸ்போர்ட், பிரெஞ்சு பென்ஷன். இவர் பிறந்த ஊர்லயே, சொந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கார். ஆனா பாரிஸ் பார்வையில இவர் "வெளிநாட்டில் வசிப்பவர்".

எதிர் வீட்டுப் பையன் இந்திய பாஸ்போர்ட்டோட துபாய்ல வேலை பார்க்கிறார். டெல்லி பார்வையில இவர் "வெளிநாட்டில் வசிப்பவர்". ஒரு நிதியாண்டில 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவில இருந்தா இங்கே வசிப்பவர்னு கணக்கு. வேலைக்காக வெளியே போய் அதுக்குக் கீழே இருந்தா பொதுவா அப்படி இல்லை. அவரோட துபாய் சம்பளத்துக்கு இந்தியாவில வரி கிடையாது. இந்தியாவுக்குள்ள வர்ற வருமானத்துக்கு மட்டும் வரி: வாடகை, பேங்க் வட்டி, நிலம் வித்த லாபம்.

ஊரைவிட்டுப் போனவர் ஒருத்தர், போகவே போகாதவர் ஒருத்தர். இரண்டு பேருமே யாரோ ஒரு அரசாங்கத்துக்கு "தூரத்து ஆள்". ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்கக் கூடாதுன்னு இந்தியாவும் பிரான்ஸும் 1992 செப்டம்பர் 29-ல ஒப்பந்தம் போட்டாங்க. 1994 ஆகஸ்ட் 1-ல அது அமலுக்கு வந்தது. யார் வரி வாங்கணும்னு அது பிரிச்சுக் கொடுக்குது. எந்தத் தேதிக்குள்ள படிவம் கொடுக்கணும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமே முடிவு பண்ணும்.

ஜூலை 15-ல இருந்து மே 22-க்கு

முதல்ல பெரியவர் கதை. காகிதப் படிவம் இருந்த காலத்துல, வெளிநாட்டில வசிக்கிறவங்களுக்கு பிரெஞ்சு வரித் துறை கண்டம் பார்த்து கெடு கொடுத்தது. ஐரோப்பா, மத்தியதரைக் கடல் கரையோர நாடுகள், வட அமெரிக்கா, ஆப்பிரிக்கான்னா ஜூன் 30. ஆசியா உட்பட மற்ற நாடுகள்னா ஜூலை 15. பிரான்ஸுக்குள்ள இருக்கறவங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும்.

மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, "மத்தியதரைக் கடல் கரையோர நாடுகள்"? 1862 அட்டவணையில இருந்த அதே சொல். நேரா அங்கிருந்துதான் எடுத்தாங்கன்னு நான் சொல்லல. ஆனா நூற்றைம்பது வருஷம் கழிச்சும் அந்த அரசாங்கம் உலகத்தை அதே மாதிரி வெட்டிப் பார்த்திருக்கு. பழைய கோட்ல யாரோ எழுதி வெச்ச கான்ஸ்டன்ட் மாதிரி.

அப்புறம் இன்டர்நெட் வந்தது. படிவம் பாரிஸ் பக்கத்துல நுவாஸி-லெ-கிரான் ஊர்ல இருக்கிற வெளிநாடுவாழ் வரி அலுவலகத்துக்குக் கப்பல்லயோ விமானத்துலயோ போக வேண்டாம்; ஆன்லைன்ல போடலாம். பிரான்ஸுக்குள்ள மாவட்ட எண்ணை வெச்சு மூணு கெடு வெச்சாங்க. வெளிநாட்டில இருக்கறவங்களை எந்தக் குழுவில போட்டாங்க தெரியுமா? முதல் குழுவில. மாவட்டம் 1-ல இருந்து 19 வரைக்கும் இருக்கற குழு, அதாவது எல்லாத்துக்கும் முன்னாடி கெடு முடியற குழு. 2023-ல மே 25, 2024-ல மே 23, 2025-ல மே 22.

ஒரு காலத்துல "நீ முனைக்கு அப்பால் இருக்கே, ஒரு வருஷம் எடுத்துக்கோ"ன்னு சொன்ன நாடு. இப்போ வில்லியனூர் திண்ணையில இருக்கற எண்பது வயசுப் பெரியவருக்கு, பாரிஸ்ல இருக்கறவரைவிட முன்னாடியே கெடு முடியுது. லாஜிக் புரியுது: எலக்ட்ரானுக்குத் தூரம் கிடையாது. ஆனா அந்தப் பெரியவர் எலக்ட்ரான் இல்லையே. அவருக்கு பாஸ்வேர்ட் மறந்துபோகும், பிரெஞ்சுப் படிவத்தைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு ஃபீஸ் கொடுக்கணும்.

எல்லா நாடும் இப்படி இல்லை. அமெரிக்கா தன் குடிமக்கள் உலகத்துல எங்கே இருந்தாலும் கணக்குக் கேட்கிற நாடு. ஆனா வெளிநாட்டில வாழ்ந்து வேலை செய்யறவங்களுக்கு ஏப்ரல் 15-க்குப் பதிலா ஜூன் 15 வரைக்கும் கொடுக்குது. முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை, அது தானா கிடைக்கும். கேட்டு வாங்கினா அக்டோபர் 15 வரைக்கும் போகலாம். ஒரே நிபந்தனை: இந்த நீட்டிப்பு வட்டியை நிறுத்தாது. கட்ட வேண்டிய வரிக்கு ஏப்ரல் 15-ல இருந்தே வட்டி ஓடும். கலிபோர்னியாவில இருந்து இங்கே திரும்பி வந்திருக்கற அமெரிக்கப் பாஸ்போர்ட் நண்பர்கள் கொஞ்சம் கவனிங்க, இந்த இரண்டு மாசம் உங்களுக்கும் பொருந்தும்.

இந்தியா: சொல்லாமலே கொடுத்த அவகாசம், சொல்லாமலே எடுத்தது

இப்போ துபாய்ப் பையன். இந்தியா தூரத்துக்குன்னு அவகாசம் கொடுக்கலைன்னு முதல்லயே சொன்னேன். ஆனா வேற பேர்ல ஒண்ணு இருந்தது: தாமத ரிட்டர்ன். கெடு தாண்டினாலும் ஃபைல் பண்ணலாம். 2015-16 நிதியாண்டு வரைக்கும், வருஷம் முடிஞ்சு கிட்டத்தட்ட 24 மாசம் இதுக்கு இடம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வர்ற ஆள்கூட, ஊர்ல இருக்கற ஆடிட்டரைப் பார்த்து முடிச்சுட்டுப் போகலாம்.

அடுத்த நிதியாண்டுக்கே அது 12 மாசமா குறைஞ்சது. அதுக்கடுத்த வருஷத்துல இருந்து தாமதக் கட்டணம் வந்தது: 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000. 2020-21 நிதியாண்டுல இருந்து விதிப்படி 9 மாசம்தான், அதாவது டிசம்பர் 31. இருபத்துநாலு, பன்னிரண்டு, ஒன்பது. நெப்போலியன் அட்டவணை சுருங்கின அதே கதை, ஆனா ஐந்தே வருஷத்துல.

2022-ல புதுப்பித்த (அப்டேட்டட்) ரிட்டர்ன்னு புதுசா ஒரு வாசல் திறந்தாங்க. முதல்ல 24 மாசம், 2025-ல அதை 48 மாசம் ஆக்கினாங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த வாசல் வழியா கூடுதல் வரி கட்டலாமே தவிர, ரீஃபண்ட் கேட்க முடியாது.

ரீஃபண்ட்தான் என்.ஆர்.ஐ-களுக்கு உண்மையான பிரச்சினை. ஒரு உதாரணக் கணக்கு. துபாய்ப் பையன் பாகூர்ல இருக்கற குடும்ப வீட்டு மனையை 40 லட்சத்துக்கு விக்கறார். பல வருஷம் முன்னாடி வாங்கினது, உண்மையான லாபம் 10 லட்சம். (கிராமப்புற விவசாய நிலம்னா கணக்கே வேற, இது வீட்டு மனை.) விக்கறவர் என்.ஆர்.ஐ என்பதால வாங்கறவர் வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பணம் தரணும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்கி வெக்கலைன்னா, நடைமுறையில முழு 40 லட்சத்துக்கும் பிடிக்கறாங்க. பன்னிரண்டரை சதவீதமும் அதுமேல செஸ்ஸும் சேர்த்தா 13 சதவீதம், 5 லட்சத்து 20 ஆயிரம். ஆனா லாபத்துக்கான நிஜ வரி 1 லட்சத்து 30 ஆயிரம்தான். மீதி 3 லட்சத்து 90 ஆயிரம் அவரோட பணம், அரசாங்கத்துக்கிட்ட இருக்கு.

அதைத் திரும்ப வாங்க ஒரே வழி ரிட்டர்ன். ஜூலை 31 தவறினா கட்டணத்தோட டிசம்பர் 31 வரைக்கும். அதுவும் தவறினா வாசல் மூடிடும். அதுக்கப்புறம் "தாமதத்தை மன்னிக்கணும்"னு மனு. நியாயமான காரணம் காட்டணும். இதுக்கு முன்னாடி ஆறு வருஷம் வரைக்கும் இடம் இருந்தது. 2024 அக்டோபர்ல வந்த சுற்றறிக்கையில அதையும் ஐந்து வருஷம் ஆக்கிட்டாங்க. ஒரு வருஷம் கணக்குல குறைஞ்சது சின்ன எண்ணா தெரியும். பல வருஷம் முன்னாடி வித்த மனைக்கு இன்னும் மனு போடாதவருக்கு அது பெரிய தொகை.

சரி, ஃபைல் பண்ணியாச்சு. முடிஞ்சதா? இல்லை. 30 நாளுக்குள்ள சரிபார்க்கணும். 2022 ஆகஸ்டுக்கு முன்னாடி இதுக்கு 120 நாள் இருந்தது. சுலபமான வழி ஆதார் ஓ.டி.பி. அது போறது ஆதாரோட இணைச்ச இந்திய நம்பருக்கு. அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாம செத்துப்போயிருக்கும், இல்லைன்னா பாகூர் வீட்டில அம்மாவோட பட்டன் ஃபோன்ல இருக்கும். நெட் பேங்கிங் வழியாவும் பண்ணலாம். அதுவும் இல்லைன்னா, கையெழுத்துப் போட்டு பெங்களூருக்குத் தபால்ல அனுப்பணும்.

பார்த்தீங்களா, கடைசியில மறுபடியும் தபால். தூரம் போயிடுச்சுன்னு நினைச்சோம். அது கிலோமீட்டர்ல இருந்து மாறி, ஒரு சிம் கார்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு.

தூரத்தை ஒரு தடவை ஒத்துக்கிட்டாங்க

இந்தியா இதை ஒத்துக்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. 2020 மார்ச். லாக்டவுன். லீவுக்கு வந்தவங்க விமானம் இல்லாம மாட்டிக்கிட்டாங்க. ஒவ்வொரு நாளும் கூடக் கூட, 182 நாள் கோட்டைத் தாண்டி "இங்கே வசிப்பவர்" ஆயிடுவோமோன்னு பயம். 2020 மே 8-ல மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மார்ச் 22-ல இருந்து மாட்டிக்கிட்ட நாட்களை அந்த நிதியாண்டுக் கணக்குல சேர்க்க வேண்டாம். அந்த வருஷம் ரிட்டர்ன் கெடுவும் நவம்பர் 30, டிசம்பர் 31னு தள்ளித் தள்ளி 2021 ஜனவரி 10 வரைக்கும் போச்சு.

1862 சட்டத்துல, கடல்ல போர் வந்தா நாட்களை இரட்டிப்பாக்கணும்னு இருந்ததே, அதே யோசனை. வழி அடைபட்டா கடிகாரத்தை நிறுத்து. ஒரு வித்தியாசம்: அங்கே அது முன்கூட்டியே சட்டத்துல எழுதியிருந்தது. இங்கே ஒவ்வொரு தடவையும் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கணும். செப்டம்பர் 15 ராத்திரி மாதிரி.

எனக்கு இதுல படறது ஒண்ணுதான். அவகாசம் என்பது கருணை இல்லை, ஒரு அளவீடு. ஒரு ஆள் ஒரு வேலையை முடிக்க நிஜமா எவ்வளவு நாள் ஆகும்னு அளந்து பார்த்து வெக்கிற எண். 1806-ல கப்பலை அளந்தாங்க. 1862-ல நீராவிக் கப்பலை அளந்தாங்க. இப்போ சர்வரை மட்டும் அளக்கறோம். சர்வர் முன்னாடி உட்கார்ந்திருக்கற ஆளை அளக்கல: ஓ.டி.பி-க்காக அம்மாவுக்கு ஃபோன் போடற பையனையும், பிரெஞ்சுப் படிவத்தோட ஆள் தேடற பெரியவரையும். வெளிநாட்டில இருக்கறவங்களுக்கு இரண்டு மாசம் தானா கொடுக்கிறது ஒண்ணும் நடக்காத காரியம் இல்லை, நடத்திக் காட்டற நாடு இருக்கு.

சட்டம் மாறுற வரைக்கும் வீட்டில பண்ண வேண்டியது நாலு. ஆதார் சிம்மை உயிரோட வெச்சுக்கங்க, இல்லைன்னா நெட் பேங்கிங் சரிபார்ப்பை இப்பவே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. இந்தியாவில இருந்த நாட்களைப் பாஸ்போர்ட் முத்திரை பார்த்து எழுதி வைங்க. ஊர்ல சொத்து விக்கறதுக்கு முன்னாடி குறைந்த வரிப் பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்க, வித்த பிறகு இல்லை. ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31-ஐத் தவற விடாதீங்க. பெரிய தொகைன்னா ஒரு ஆடிட்டர்கிட்ட கேளுங்க. நான் இன்ஜினியர், ஆடிட்டர் இல்லை. விதிகளும் வருஷா வருஷம் மாறும், 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம்தான்.

வீட்டில பெரியவங்க யாராவது 1962-ல எழுதிக் கொடுத்தவங்களா, கொடுக்காதவங்களா? ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்த ஆறு மாசத்துல அவங்க வீட்டில என்ன பேசிக்கிட்டாங்கன்னு சொல்லச் சொல்லுங்க. சொல்லக் கூடியவங்க இப்போ எண்பதைத் தாண்டிட்டாங்க. அதுக்கு நீட்டிப்பு கொடுக்க எந்த வாரியமும் கிடையாது.